நாலு ஸ்வெட்டர், ஒரு தட்டு

அழுதுகொண்டு வருபவர்களை தோன்யா இர்மா உடனே நாற்காலியில் உட்கார வைப்பதில்லை. ஜன்னல் பக்கம் நிற்க வைத்து, கசப்பான மாத்தே இலைத் தேநீர் ஒரு குடுவை குடிக்கக் கொடுத்து, அழுகை அடங்கிய பிறகுதான் உட்காரச் சொல்வார். கிரிசெல்டா தெச்சேரா அழவில்லை. ஸால்ட்டோவிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து, காலை எட்டரை மணிக்கு எங்கள் ஆபீஸ் கதவைத் தட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

என் பெயர் நெஸ்தோர். மோன்டெவிடியோ தெருக்களில் இருபது வருஷம் டாக்ஸி ஓட்டிவிட்டு, இப்போது தோன்யா இர்மாவுக்குக் கார் ஓட்டுகிறேன்; தோன்யா என்பது எங்கள் ஊரில் மரியாதைக்குச் சொல்கிற 'அம்மா', ஆண்களுக்குத் 'தோன்'. சம்பளம் கார் ஓட்டுவதற்கு மட்டும்தான், வாய்க்கு இல்லை என்று அவர் அடிக்கடி ஞாபகப்படுத்துவார். அவர் முப்பது வருஷம் நோட்டரி ஆபீஸ் ஒன்றில் பத்திரங்களில் இருக்கும் பொய்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். இப்போது அறுபத்திரண்டு வயதில் அதே வேலையைப் பத்திரமில்லாமல் செய்கிறார்.

கிரிசெல்டா சொன்னது இதுதான். அவள் அப்பா தோன் அனிபால், எழுபத்தொன்பது வயது, இந்த ஊர் பஸ்ஸில் நாற்பது வருஷம் கண்டக்டர். மூன்று வருஷமாக ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போகிறது. தம்பி வில்மார் இந்த ஊரில்தான் இருக்கிறான். இரண்டு வருஷம் அவன்தான் வீட்டில் வைத்துப் பார்த்தான். முடியவில்லை என்றதும் போன பிப்ரவரியில் அக்காவும் தம்பியுமாக, அப்பாவையும் கூட்டிக்கொண்டு, ஐந்து முதியோர் இல்லங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். ஒன்றில் மூத்திர நாற்றம். ஒன்றில் இருபது பேரை டிவி முன்னால் உட்கார வைத்திருந்தார்கள், டிவி ஓடவில்லை. ஐந்தாவது, ப்ராதோவில், 'ஏழு மக்னோலியா'. மறதி நோயாளிகளுக்கென்றே தனிப் பகுதி. அங்கே நடைவழியில் ஒரு பொய் பஸ் ஸ்டாப் வைத்திருந்தார்கள். கம்பம், பெஞ்சு, வழித்தட எண் எழுதிய பலகை எல்லாம் உண்டு. தோன் அனிபால் அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"அந்த பெஞ்சப் பாத்துதான் நான் சரின்னேன்," என்றாள்.

மாதம் தொண்ணூற்றிரண்டாயிரம் பெசோ. அப்பாவின் பென்ஷன் போக, ஐம்பத்தைந்தாயிரம் இவள் பங்கு. ஆரஞ்சுப் பழம் பெட்டியில் அடுக்கும் கூடத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறவள். சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. மார்ச்சிலிருந்து தம்பியின் கணக்குக்கு அனுப்புகிறாள், அவன் இல்லத்தில் கட்டுகிறான். பார்க்க வருகிறேன் என்றால், அப்பாவுக்கு இடம் பழகணும், தெரிந்த முகத்தைப் பார்த்தால் குழம்பிவிடுவார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்பான். இல்லத்துக்குப் போன் செய்தால், கையெழுத்துப் போட்டவருக்கு மட்டும்தான் தகவல் என்று வைத்துவிடுவார்கள். கையெழுத்துப் போட்டவன் வில்மார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் அப்பாவின் போட்டோ ஒன்று அனுப்புவான். ஐந்து மாதமாக அவள் அப்பாவைப் பார்த்தது அந்தப் போட்டோவில்தான்.

இப்போது, நோய் முற்றிவிட்டது, இல்லத்தில் அதிகம் கேட்கிறார்கள், லா தேஹாவில் இருக்கும் அப்பாவின் வீட்டை விற்றே ஆகவேண்டும் என்கிறான். வாங்கும் ஆள் தயார். இன்று மாலை நாலு மணிக்கு நோட்டரி முன்னால் இவளும் கையெழுத்துப் போடவேண்டும்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எங்கப்பா நல்லா இருக்காரான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. நல்லா இருக்கார்னா வீடு என்ன வீடு, போகட்டும்."

போனை நீட்டினாள். இந்த மாதத்து நாலு ஞாயிறு, நாலு போட்டோ. ஒல்லியான ஒரு கிழவர் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்து கேமராவைப் பார்க்கிறார். பின்னால் வெள்ளை ஓடு பதித்த சுவர். முன்னால் தட்டு. ஐந்தாம் தேதி நீல ஸ்வெட்டர், பன்னிரண்டாம் தேதி சாம்பல், பத்தொன்பதாம் தேதி கருஞ்சிவப்பு, இருபத்தாறாம் தேதி கடுகு மஞ்சள்.

"நாலு ஸ்வெட்டர். எங்கிட்ட ரெண்டுதான் இருக்கு. அந்த இல்லத்துல எனக்கும் ஒரு கட்டில் கேட்டுப் பாருங்க," என்றேன்.

தோன்யா இர்மா சிரிக்கவில்லை. போட்டோக்களை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பத்து நிமிஷம் பார்த்தார். முகத்தை அல்ல, தட்டைப் பார்த்தார். பிறகு இந்த ஸ்வெட்டர்கள் அப்பாவிடம் முன்பே இருந்தவையா என்று கேட்டார். இல்லை, தம்பி வாங்கியிருப்பான் என்றாள் கிரிசெல்டா. இன்று தேதி என்ன என்று என்னைக் கேட்டார். இருபத்தொன்பது என்றேன்.

மாத்தேவுக்கான வெந்நீர்த் தெர்மாஸை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "கிளம்பு நெஸ்தோர். எனக்கு ஞாபக மறதி வந்துடுச்சு. நீ என்னோட மகன். இல்லம் பாக்கப் போறோம்."

கிரிசெல்டாவைக் காரிலேயே, தெரு முனையில் உட்கார வைத்துவிட்டுப் போனோம்.

ஏழு மக்னோலியாவில் மக்னோலியா மரம் ஒன்றுதான் இருந்தது. மீதி ஆறும் கட்டணத்தில் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நிர்வாகி அம்மாள் முத்துத் தோடு போட்டு, வாசனை பூசி, குரலை மெத்தையாக வைத்திருந்தார். காபி வந்தது. கூடவே, நான் அழுதால் துடைத்துக்கொள்ள ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை வந்தது.

அம்மாவுக்கு எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார்.

"ஒரு வருஷமா, செஞோரா. முதல்ல என் சம்பளத் தேதிய மறந்தாங்க. அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா மத்ததெல்லாம்."

தோன்யா இர்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "இந்த ஆள் யாரு? எதுக்கு இவ்வளவு பேசறான்?" என்று அந்த அம்மாளிடம் கேட்டார். அம்மாள் என் கையைத் தட்டிக் கொடுத்தார். நோயாளியைவிடக் குடும்பம்தான் அதிகம் கஷ்டப்படுகிறது, அதைப் புரிந்துகொண்ட இல்லம் இது என்றார்.

அதற்குப் பிறகு விலைப்பட்டியல். மாதக் கட்டணம் தனி. உள்ளே வர ஒரு மாதக் கட்டணம் தனி. மறுநாளே கூட்டிக்கொண்டு போனாலும் அது திரும்ப வராது. ராத்திரிக் கண்காணிப்பு தனி. டயப்பர் தனி, அதை மாற்றிவிடும் கை தனி. 'குடும்ப நிம்மதித் திட்டம்' என்று ஒன்று இருந்தது. அதில் சேர்ந்தால், பெற்றவர் அழும்போது வீட்டுக்குப் போன் செய்யமாட்டார்கள். அதற்கு எட்டாயிரம் கூடுதல். அந்த அம்மாள் இதைச் சொல்லும்போது புன்னகை செய்தார். நான் காபியைத் தள்ளி வைத்தேன். அழுகையைக் கேட்காமல் இருப்பதற்குக் காசு வாங்குகிறவர்களை நான் டாக்ஸி ஓட்டிய காலத்தில்கூடப் பார்த்ததில்லை.

இவர்கள்தான் தோன் அனிபாலை ஏதோ செய்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே உறுதியாகிவிட்டது. மேஜைக்கு அடியில் முஷ்டியை மடக்கி வைத்துக்கொண்டேன்.

மறதிப் பகுதிக்குக் கூட்டிப் போனார்கள். பஸ் ஸ்டாப் அப்படியே இருந்தது. கோட்டு போட்ட ஒரு தாத்தாவும் இரண்டு பெண்களும் மடியில் பையுடன் வராத பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். தோன்யா இர்மா போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கூப்பிட்டால் வரமாட்டேன் என்றார். அம்மாள் விண்ணப்பத்தை எடுத்துவர ஆபீசுக்குப் போனார். அங்கே இருந்த பணிப்பெண்ணின் சட்டையில் யனெட் என்று எழுதியிருந்தது.

தோன்யா இர்மா அவளைப் பார்த்து, "கண்டக்டர் எங்க? டிக்கெட் வாங்கணுமே," என்றார்.

யனெட் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இருந்தாரும்மா ஒருத்தர்," என்றாள்.

கிழவியிடம் பேசுவதாக நினைத்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மார்ச்சில் ஒரு நிஜக் கண்டக்டர் வந்தார். காலையில் எழுந்ததும் தலைசீவி, இந்த பெஞ்சுக்கு வந்து ஒவ்வொருவரிடமும் கட்டணம் வசூலித்து, காலிப் பெட்டியைக் கிழித்து டிக்கெட் கொடுப்பார். அந்தப் பன்னிரண்டு நாள் இந்தப் பகுதியில் யாருமே அழவில்லை. பதின்மூன்றாம் நாள் மகன் வந்தான். விலை கட்டுப்படி ஆகவில்லை என்றான், உள்ளே வந்த கட்டணத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட்டான், கிடைக்காததும் அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். எங்கே என்று சொல்லவில்லை.

நான் முஷ்டியைத் திறந்தேன். அடிக்க இங்கே யாரும் இல்லை. கொள்ளைதான், ஆனால் விலைப்பட்டியல் அச்சடித்து, ரசீது கொடுத்துச் செய்கிற கொள்ளை. இதற்குத் தோன் அனிபால் சம்பந்தமில்லை.

அம்மாள் விண்ணப்பமும் பேனாவுமாக வந்தார். தோன்யா இர்மா பேனாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையெழுத்து எப்படிப் போடறதுன்னு மறந்துபோச்சு. ஞாபகம் வந்ததும் வர்றேன்," என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

காரில் கிரிசெல்டாவிடம் அவர் சுற்றி வளைக்கவில்லை. அப்பா இங்கே இருந்தது பன்னிரண்டு நாள்தான் என்றார். கிரிசெல்டா முன் கண்ணாடி வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதமாக அனுப்பிய பணத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "அப்ப எங்கப்பா எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"அவர் எங்க தங்கியிருக்கார்னு எனக்கு இன்னும் தெரியாது. ஆனா இன்னிக்கு மத்தியானம் எங்க சாப்பிடறார்னு தெரியும்," என்றார் தோன்யா இர்மா. போட்டோவை என் பக்கம் நீட்டினார். "தட்டுல என்ன இருக்கு, நெஸ்தோர்?"

பார்த்தேன். உருளைக்கிழங்கு உருண்டை, தக்காளிக் குழம்பு. "ஞோக்கி."

"மத்த மூணுலயும்?"

மூன்றிலும் அதே. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரே சமையல் செய்கிற சோம்பேறிச் சமையல்காரனாக இருக்கலாமே என்றேன்.

"இருக்கலாம். தட்டோட ஓரத்தப் பாரு."

தட்டுக்கு அடியிலிருந்து மடித்த பெசோ நோட்டின் முனை எட்டிப் பார்த்தது. நாலு போட்டோவிலும், அதே பக்கம், அதே மடிப்பு. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறந்ததிலிருந்து மாதா மாதம் செய்கிற காரியம், கண்ணில் படவே இல்லை. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இருபத்தொன்பதாம் தேதியானால் ஞோக்கி, தட்டுக்கு அடியில் ஒரு நோட்டு, அடுத்த மாதம்வரை அதைப் பர்ஸில் வைத்திருந்தால் கையில் காசு தங்கும். இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. மேஜை போடும்போது கை தானாக வைத்துவிடும். அதனால்தான் போட்டோ எடுத்தவன் கண்ணிலும் படவில்லை.

"ஞோக்கி எந்த ஞாயித்துக்கிழமையும் செய்வாங்க," என்றார். "தட்டுக்கடியில நோட்டு ஒருநாள்தான். இந்த நாலும் போன மாசம் இருபத்தொன்பதாம் தேதி, ஒரே வேளைச் சாப்பாட்டுல எடுத்தது. ஸ்வெட்டர மட்டும் மாத்தியிருக்காங்க. ஒரு மாசத்துக்கான அப்பாவ அரைமணி நேரத்துல எடுத்து முடிச்சிட்டாங்க. இன்னிக்கு மறுபடி இருபத்தொன்பது, எடுக்கறது உங்க தம்பிதான்."

கார்க் கடிகாரம் பன்னிரண்டே முக்கால் காட்டியது. தம்பி வீடு எங்கே என்று கேட்டேன். மல்வின் என்றாள் கிரிசெல்டா. அதற்குப் பிறகு நான் ஓட்டிய வேகத்தைப் பற்றித் தோன்யா இர்மா ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்வார்.

கதவைத் திறந்தது வில்மாரின் மனைவி. கிரிசெல்டாவைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. நாங்கள் அவளைத் தாண்டி உள்ளே போனோம். சமையலறை பூராவும் புதுசு. வெள்ளை ஓடு, சலவைக்கல் மேடை, அடுப்பின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரைக்கூட இன்னும் உரிக்கவில்லை. அந்தச் சுவரைத்தான் கிரிசெல்டா போட்டோவில் பார்த்து இல்லத்துச் சாப்பாட்டுக் கூடம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மேஜையில் ஒயின் பாட்டில்மீது சாய்த்து வைத்த போன். நாற்காலி முதுகில் இரண்டு ஸ்வெட்டர்கள், எடுத்து முடித்த ஞாயிறுகள். பச்சை ஸ்வெட்டரில் தோன் அனிபால், மூன்றாவது ஞாயிறு, ஞோக்கி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போட்டோவில் இருந்ததைவிட ஒல்லியாக இருந்தார். கையை ஓங்கி அடிக்கும் ஆத்திரம் இல்லை எனக்கு அப்போது. அழுகிய எதையோ மிதித்துவிட்ட மாதிரி, எப்போது கால் கழுவுவோம் என்றுதான் இருந்தது.

வில்மார் நாற்பத்தோரு வயது ஆள், நன்றாகச் சவரம் செய்தவன், இன்ஷூரன்ஸ் விற்கிறவன். அதிர்ச்சியை ஒரு நிமிஷத்தில் விழுங்கிவிட்டான். வந்தது நல்லதாகப் போயிற்று, உட்காருங்கள், ஞோக்கி இருக்கிறது என்றான். அக்காவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அப்பாவை இன்று வீட்டுக்குக் கூட்டிவந்ததாகச் சொன்னான். பன்னிரண்டு நாள் கதையைத் தோன்யா இர்மா எடுத்துப் போட்டதும் குரல் மாறியது.

"ரெண்டு வருஷம் யார் தொடச்சது? யார் குளிப்பாட்டினது? ராத்திரி மூணு தடவ எழுந்து தெருவுல ஓடினவர யார் பிடிச்சிட்டு வந்தது? நீ ஸால்ட்டோவுல ஆரஞ்சு எண்ணிட்டிருந்த."

"ஆமா," என்றாள் கிரிசெல்டா. "அந்த ரெண்டு வருஷத்துக்கு உன் கால்ல விழணும்னாலும் விழறேன். இப்ப அப்பா எங்க தங்கியிருக்கார்?"

வேறு ஒரு நல்ல இல்லம் என்றான். அதே தரம், விலை கொஞ்சம் குறைவு, டாக்டர் உண்டு, நர்ஸ் உண்டு. பெயரைச் சொல்லமாட்டேன், கையெழுத்துப் போட்டது நான், தகவல் எனக்கு மட்டும்தான் என்றான். மிச்சமான பணம் அப்பா பெயரில் பத்திரமாக இருக்கிறது, நாலு மணிக்குக் கையெழுத்து முடிந்ததும் எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசலாம் என்றான். அந்தப் புது அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டுதான் இதைச் சொன்னான்.

தோன்யா இர்மா அவனைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கிழவரின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிழவர் முள்கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கை தானாக நீண்டது.

"டிக்கெட்?"

தோன்யா இர்மா பர்ஸிலிருந்து ஒரு காசை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தார்.

"எங்க ஏறினீங்க?" என்று கேட்டார் கிழவர்.

"நீங்க ஏறின எடத்துலதான்."

அவர் தலையாட்டினார். பாக்கெட்டில் கைவிட்டு ஒரு கற்றைச் சீட்டுகளை எடுத்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஒன்றைப் பிரித்து, மூலையைக் கிழித்து நீட்டினார். "பத்திரமா வச்சுக்கங்க. செக்கர் ஏறுவார்."

தோன்யா இர்மா அதைப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். அது ரசீதுப் புத்தகத்தின் கார்பன் நகல். எண் போட்டு, ஓரத்தில் துளையிட்டுத் தைத்த புத்தகம் அவர் தங்கிய இடத்து மேஜைமேல் கிடந்தால் நாற்பது வருஷக் கண்டக்டரின் கை சும்மா இருக்குமா. ரப்பர் முத்திரையில், 'விதவை பரோசோ, கட்டில் வாடகைக்கு' என்று இருந்தது. கீழே ஊர்க் கடைசியில், செர்ரோவுக்கு அந்தப் பக்கம் ஒரு முகவரி. ஜூலை மாதம், ஒரு கட்டில், பத்தொன்பதாயிரம். பணம் கட்டியவர் பெயர் வில்மார் தெச்சேரா.

டாக்டர், நர்ஸ் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

நான் சத்தமாகப் படித்தேன். இல்லம் என்ற வார்த்தையே அதில் இல்லை. அப்பாவின் பென்ஷனிலேயே அந்தக் கட்டில் வாடகை போக மிச்சம் இருக்கும். அக்கா அனுப்பியது முழுக்க இந்தச் சலவைக்கல்தான்.

அடுப்புச் சூட்டில் கிழவருக்கு வேர்த்தது. கிரிசெல்டா ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாம் என்று குனிந்து தலை வழியாக இழுத்தாள். பிறகு அப்படியே நின்றாள். உள்ளே சட்டை இல்லை. பெண்கள் போடுகிற பூப்போட்ட நைட்டி, பேண்டுக்குள் திணித்திருந்தது, பல நாள் துவைக்காத வாடை. கழுத்துப் பட்டியில் மையால் ஒரு பெயர்: ஒஃபேலியா. இரண்டு மணிக்கட்டைச் சுற்றியும் தோல் உரிந்து சிவந்திருந்தது. துணியால் கட்டிலோடு கட்டிப்போட்டால் அந்த மாதிரி ஆகும். ஸ்வெட்டரின் நீளக் கை எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வில்மாரின் மனைவி திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றாள். வில்மார் மட்டும் பேசிக்கொண்டே இருந்தான்.

"நீங்க நெனைக்கற மாதிரி ஆள் இல்ல நான். ஒரு இருபத்தொன்பதக்கூட நான் விட்டதில்ல. எவ்வளவு வேலை இருந்தாலும் போய்க் கூட்டிட்டு வந்துடுவேன். அப்பா தட்டு இல்லாம இந்த மேஜையில ஞோக்கி வச்சதே கெடையாது."

தோன்யா இர்மா கிழவரின் தட்டை ஒரு விரலால் லேசாகத் தூக்கினார். அடியில் மடித்த நோட்டு இருந்தது.

"சாப்பிட்டு முடிச்சதும் இந்த நோட்டு யார் பர்ஸுக்குப் போகுது?"

மனைவி திரும்பி மேஜைமேல் இருந்த அவனுடைய பர்ஸைப் பார்த்தாள், அதுவே போதுமாக இருந்தது. அப்பாவை மாதம் ஒருமுறை கூட்டிவந்தது போட்டோவுக்கு மட்டும் இல்லை. அவன் சின்ன வயசிலிருந்து அப்பா தட்டுக்கு அடியில் வைத்த காசுதான் வீட்டுக்குக் கைராசி. ஆளைக் கட்டிலில் கட்டிப்போட்டான், ராசியை மட்டும் விட மனசு வரவில்லை. ஞோக்கி வாசனை எனக்கு அதன்பிறகு ரொம்ப நாள் பிடிக்கவில்லை.

கிரிசெல்டா அந்த நோட்டை எடுத்தாள். தன் கோட்டைக் கழற்றி அப்பாவுக்குப் போட்டுவிட்டு, பொத்தான் மாட்டி, நோட்டை அந்தக் கோட்டுப் பையில் வைத்தாள். "வாங்கப்பா. பஸ் வந்துடுச்சு," என்றாள். கிழவர் உடனே எழுந்துவிட்டார். பஸ் என்றால் அவருக்குக் காரணம் தேவையில்லை.

வாசலில் அவளிடம் இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். லா தேஹா வீட்டை விற்கப்போவதில்லை, வாடகைக்கு விடப்போகிறேன் என்றாள். வாடகை, பென்ஷன், தன் ஐம்பத்தைந்தாயிரம், எல்லாம் சேர்த்தால் ப்ராதோவில் அந்த பெஞ்சுக்குப் போதும். பணத்தைத் தானே கட்டுவாள், கையெழுத்தைத் தானே போடுவாள். முத்துத்தோட்டு அம்மாள் உள்ளே வரும் கட்டணத்தை இரண்டாவது தடவையும் கறந்துவிடுவாளே என்றேன்.

"தெரியும். கறக்கட்டும். அங்க அவர் பன்னெண்டு நாள் தலைசீவிட்டு வேலைக்குப் போயிருக்கார்."

"அந்த நிம்மதித் திட்டத்துல மட்டும் சேந்துடாதீங்க," என்றேன்.

"அழுதா எனக்குப் போன் வரணும்," என்றாள்.

தோன்யா இர்மா முன் சீட்டில் ஏறி ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தார். முதலில் செர்ரோவுக்குப் போகவேண்டும், அதற்குள் சுகாதார அமைச்சகத்துக்கும் போலீசுக்கும் நான் வழியிலேயே பேசிவிடுகிறேன் என்றார். "அந்த வீட்ல இன்னும் எத்தன பேரக் கட்டி வச்சிருக்காங்களோ. ஒஃபேலியாவுக்கு அவங்க நைட்டியத் திருப்பிக் குடுக்கணும்."

தோன் அனிபாலைப் பின் சீட்டில் ஓரமாக உட்கார வைத்து, மறு பக்கம் கிரிசெல்டா ஏறினாள். நான் சாவியைத் திருப்பும்போது வில்மார் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தான். நானும் வருகிறேன், வழியில் பேசிக்கொள்ளலாம், நாலு மணிக்கு நோட்டரி காத்திருப்பார், வாங்குகிறவன் முன்பணம் கொடுத்துவிட்டான் என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே அப்பா பக்கத்துக் கதவைத் திறந்தான்.

கிழவர் அவனை அடையாளம் தெரியாமல் பார்த்தார். பிறகு உள்ளங்கையை நீட்டினார்.

"டிக்கெட்?"

வில்மார் சட்டைப் பையைத் தட்டினான். பின் பாக்கெட்டைத் தொட்டான், பர்ஸ் மேஜைமேல் இருந்தது போலிருக்கிறது. "அப்பா, நான்தான்," என்றான்.

தோன் அனிபால் காத்திருந்தார். ஒரு கண்டக்டர் எவ்வளவு நேரம் பொறுமையாகக் காத்திருப்பாரோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். கை நீண்டே இருந்தது, கோட்டின் கை மேலே ஏறி, சிவந்த மணிக்கட்டு வெளியே தெரிந்தது. வில்மார் அதைப் பார்க்காமல் இருக்கத் தரையைப் பார்த்தான்.

"டிக்கெட் இல்லாதவங்க எறங்கிக்கங்க," என்றார் கிழவர், கோபமே இல்லாமல். கதவை இழுத்துச் சாத்தினார். ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டுக் கார்க் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம், ரைட்."

இருபது வருஷம் டாக்ஸி ஓட்டியிருக்கிறேன். ஒரு உத்தரவுக்கு அவ்வளவு சீக்கிரம் நான் கியர் போட்டதில்லை.